“எனக்கு ஒண்ணுமில்ல” என்கிறார் 108 ஊழியரான கணவர்!

கேள்வி: என் கணவருக்கு வயது 34. 108 ஆம்புலன்ஸில் இ.எம்.டி.யாக (வண்டியிலேயே நோயாளிக்கு முதலுதவி செய்யும் அவசர மருத்துவ உதவியாளராக) வேலை பார்க்கிறார். இரண்டு மாதங்களுக்கு முன்பு நான்குவழிச் சாலையில் நடந்த விபத்தில், நான்கு வயதுக் குழந்தை ஒன்று அவர் கையிலேயே இறந்துபோனது. எங்கள் மகளுக்கும் அதே வயதுதான். அன்றிலிருந்து பாதி ராத்திரியில் திடுக்கிட்டு எழுந்துகொள்கிறார். மகளைத் தூக்குவதே இல்லை. அந்தப் பக்கம் பைக்கில் போகவும் மறுக்கிறார். டியூட்டி முடிந்ததும் குடிக்கிறார். கேட்டால், “எனக்கு ஒண்ணுமில்ல, விடு” என்று எரிந்து விழுகிறார். மாமியார் மந்திரிக்கச் சொல்கிறார். வேலையை விட்டுவிடச் சொல்லலாமா?
- வாசகி, விழுப்புரம் மாவட்டம்

பதில்: மகள்மேல் அவருக்குப் பாசம் குறைந்துவிட்டதோ என்று பயந்திருப்பீர்கள். பயம் வேண்டாம். மகளைத் தூக்கினால், அதே எடை, அதே கைச்சூடு; அந்தக் குழந்தை ஞாபகத்துக்கு வந்துவிடுகிறது. அதற்கு அஞ்சித்தான் விலகிப்போகிறார். அந்தச் சாலையைத் தவிர்ப்பதும் இதனால்தான்.

இப்படியொரு சம்பவத்துக்குப் பிறகு சில நாள் தூக்கம் கெடுவது, எரிச்சல் வருவது எல்லாம் யாருக்கும் நடக்கக்கூடியது. பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களில் தானாகவே தணிந்துவிடும். ஒரு மாதம் தாண்டியும் கெட்ட கனவு, தவிர்த்தல், திடுக்கிடல் எல்லாம் சேர்ந்து நீடித்தால், பி.டி.எஸ்.டி. என்ற மனக்காய நோயாக இருக்குமோ என்று பார்க்க வேண்டும். உங்கள் கணவருக்கு இரண்டு மாதம் ஆகிவிட்டது. நேரில் பார்க்காமல் நோயை உறுதிசெய்ய மாட்டேன். ஆனால் இனியும் தள்ளிப்போடக் கூடாது.

“இத்தனை வருஷம் பார்க்காத விபத்தா?” என்று சிலர் கேட்பார்கள். பார்த்துப் பார்த்து மனம் மரத்துப்போகும் என்பது தப்புக்கணக்கு. வேலையின் காரணமாகக் கோரக் காட்சிகளைத் திரும்பத் திரும்ப எதிர்கொள்வதும் இந்த நோயைக் கொண்டுவரலாம் என்று 2013-ல் வந்த அமெரிக்க மனநல வழிகாட்டி நூலே சேர்த்துக்கொண்டது. தீயணைப்புத் துறை, காவல்துறையில் இருப்பவர்களுக்கும் இது பொருந்தும். ஆம்புலன்ஸ்காரர்களுக்குக் கூடுதலாக ஒன்று உண்டு. நோயாளியை கேஷுவால்டியில் ஒப்படைத்து, ஸ்ட்ரெச்சரில் இருக்கும் ரத்தத்தைக் கழுவி, கேஸ் விவரத்தை எழுதி முடிப்பதற்குள் அடுத்த அழைப்பு வந்துவிடும். துக்கப்பட நேரம் ஏது?

“என்ன நடந்தது, சொல்லுங்கள்” என்று நச்சரிக்காதீர்கள். சம்பவம் முடிந்த கையோடு எல்லோரையும் உட்காரவைத்து நடந்ததை ஒன்றுவிடாமல் சொல்லவைக்கும் முறை ஒரு காலத்தில் பல நாடுகளில் இருந்தது. அது பலன் தரவில்லை, சிலருக்குத் தொல்லையைக் கூட்டவும் செய்தது என்று தெரிந்த பிறகு, உலக சுகாதார நிறுவனம் அதை வேண்டாம் என்றே சொல்கிறது. அவராகப் பேசினால் குறுக்கே பேசாமல் கேளுங்கள். “உங்களால் என்ன செய்திருக்க முடியும்” என்று அவசரமாக ஆறுதல் சொல்வதைவிட, “ரொம்பக் கஷ்டமாத்தான் இருந்திருக்கும்” என்பது போதும். மகளையும் அவர் மடியில் வலுக்கட்டாயமாக உட்காரவைக்க வேண்டாம். அவருடன் வண்டி ஓட்டும் பைலட்டிடம் பேசிப் பாருங்கள். அன்று அவரும் அங்கே இருந்தவர்தானே! வீட்டில் வாய்திறக்காதவர்கள், உடன் வேலை பார்ப்பவரிடம் டீக்கடையில் கொட்டிவிடுவார்கள்.

எனக்கு அதிகக் கவலை தருவது குடி. படுத்ததும் தூக்கம் வருவதுபோல இருக்கும். பின்னிரவில் தூக்கத்தைக் கலைத்துவிடும். தினமும் நிறைய குடிப்பவராக இருந்தால் திடீரென நிறுத்தச் சொல்லாதீர்கள். வலிப்பு வரலாம், மருத்துவரிடம் சொல்லித்தான் நிறுத்த வேண்டும். மருந்துக்கடையில் தூக்க மாத்திரை வாங்கிக் கொடுப்பதும் வேண்டாம். குடியோடு சேர்ந்தால் அது உயிருக்கே ஆபத்து.

நல்ல சிகிச்சை இருக்கிறது. அந்த நினைவைப் பாதுகாப்பான சூழலில் கொஞ்சம் கொஞ்சமாக எதிர்கொள்ளப் பழக்கும் உளவியல் சிகிச்சைதான் முதன்மையானது. வாரம் ஒருமுறை வீதம் பெரும்பாலும் 8 முதல் 12 அமர்வுகள். தேவைப்பட்டால் செர்ட்ராலின் போன்ற மாத்திரைகளும் தருவார்கள். அவை வேலைசெய்யச் சில வாரங்கள் பிடிக்கும் என்பதால் பாதியில் நிறுத்தக் கூடாது. மாவட்டத் தலைமை மருத்துவமனை அல்லது அரசு மருத்துவக் கல்லூரியின் மனநலப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள். “பைத்தியமா எனக்கு?” என்று மறுத்தால், “தூக்கம் வரலைன்னு மட்டும் காட்டிட்டு வரலாம்” என்று சொல்லிக் கூப்பிடுங்கள், அது பொய்யில்லையே. 14416 என்ற இலவச டெலி மானஸ் (அரசின் மனநலத் தொலைபேசி உதவி) எண்ணில் 24 மணி நேரமும் தமிழில் பேசலாம், நீங்களும் பேசலாம். “செத்துப்போனா நல்லாருக்கும்” என்பதுபோல அவர் ஏதாவது சொன்னால் தனியே விடாதீர்கள், அன்றே மருத்துவமனைக்குக் கூட்டிப்போய்விடுங்கள்.

மாமியார் மனதுக்காக மந்திரிப்பதென்றால் மந்திரித்துக்கொள்ளுங்கள், அதற்காகச் சிகிச்சை ஒருநாளும் தள்ளிப்போகக் கூடாது.

வேலையைப் பற்றி இப்போது முடிவெடுக்க வேண்டாம். தூக்கம் கெட்டிருக்கும்போது எடுக்கும் முடிவு பின்னால் உறுத்தும். வருமானம் நின்றால் அதுவே இன்னொரு பாரமாகும். தொடர்ந்து இரவு டியூட்டி போடாமல் இருக்கவும், கொஞ்ச நாள் வேறு இடத்துக்கு மாற்றவும் மேலதிகாரியிடம் கேட்கலாம். மருத்துவர் எழுதித் தரும் கடிதம் இருந்தால் கேட்பது சுலபம். முதல் முறை போகும்போது இந்த மாத டியூட்டி அட்டவணையையும் எடுத்துச் செல்லுங்கள். மாத்திரை நேரத்தையும் அமர்வு நாளையும் அதைப் பார்த்துத்தான் மருத்துவர் முடிவுசெய்ய முடியும்.