கேட்டுப் பாருங்கள்: கப்பலேறிய கைதிகள்

கேள்வி: இங்கிலாந்துக் கைதிகள் ஆஸ்திரேலியாவுக்குத்தான் போனார்கள் என்று படித்தோம். அமெரிக்காவுக்குமா? (வாசகர், அட்டன்)

பதில்: ஆமாம், அதுதான் முதலில். கைதிகளை நாடு கடத்தும் 1718ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு 1775 வரை சுமார் 50,000 பேர். பெரும்பாலோர் மேரிலாந்து, வர்ஜீனியாவுக்கு. சில்லறைத் திருட்டுக்கே 7 வருடம் அங்கே கட்டாய வேலை. தூக்கிலிருந்து தப்பியவனுக்கு 14. கப்பல் தட்டிலேயே, மாட்டுச் சந்தை மாதிரி, பல்லைப் பார்த்து விலை பேசுவார்கள். வாங்கியவர்களில் புகையிலைத் தோட்டக்காரர்களே அதிகம். விடுதலைச் சண்டையில் அமெரிக்கா கதவைச் சாத்தியது. அப்புறம்தான், 1788இல், சிட்னி.

இலங்கைத் தோட்டங்களுக்கு வந்த நம் ஆட்கள் கைதிகள் இல்லை, சரி. ஆனால் கடனைக் கட்டாமல் தோட்டம் மாற முடியாத துண்டு (கடன் எழுதிய சீட்டு) முறை 1921இல்தான் ஒழிந்தது. கடையில் கடன் கூடினாலும் என் அப்பாயி, "துண்டு ஏறிடுச்சு" என்பார்.