வீட்டுக் கடன்: மாதத் தவணைக்கு முன்னால் கையில் எவ்வளவு வேண்டும்?

கேள்வி: நானும் கணவரும் சேர்ந்து மாதம் 62,000 ரூபாய் சம்பாதிக்கிறோம். வாடகை 9,000. விளாங்குடியில் ஒரு பழைய தனி வீடு 45 லட்சத்துக்கு வருகிறது. எங்கள் சேமிப்பு 9 லட்சம், வங்கியில் 36 லட்சம் தருவதாகச் சொல்கிறார்கள். தவணை எவ்வளவு வரும், வாங்கலாமா?
- ஆனையூர் வாசகி

பதில்: தவணையை நீங்களே மனக்கணக்காகப் போடலாம். எட்டரை சதவீத வட்டி என்றால் ஒரு லட்சத்துக்கு 20 வருடத்தில் மாதம் 868 ரூபாய், 15 வருடத்தில் 985, 30 வருடத்தில் 769. உங்கள் 36 லட்சத்துக்கு 20 வருடம் என்று எடுத்தால் ஏறக்குறைய 31,250 வரும். சம்பளத்தில் சரிபாதி.

ஆனால் உங்கள் கடிதத்தில் என்னைக் கவலைப்பட வைத்தது தவணை இல்லை, அந்த 9 லட்சம்தான். 36-ம் 9-ம் சேர்ந்தால் 45, கணக்கு சரியாகத்தானே இருக்கிறது என்று தோன்றும். பத்திரச் செலவு அதில் எங்கே இருக்கிறது? தமிழ்நாட்டில் கிரயப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். 2023 ஏப்ரலில் வழிகாட்டி மதிப்பை, அதாவது பதிவுக்காக அரசு நிர்ணயிக்கும் மதிப்பை, உயர்த்தியபோது பதிவுக் கட்டணத்தை 4-லிருந்து 2 ஆகக் குறைத்தார்கள், அதனால்தான் இந்த 9 சதவீதம். 45 லட்சத்துக்கு அதுவே 4,05,000 ரூபாய். இதற்கு வங்கி கடன் தராது. 10 லட்சத்துக்கு மேற்பட்ட வீடுகளில் பத்திரச் செலவை வீட்டு மதிப்போடு சேர்க்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. அப்புறம் வீட்டுப் பத்திரத்தை வங்கியில் ஒப்படைத்ததற்காகப் பதிவு செய்யும் எம்ஓடி என்ற ஆவணத்துக்குக் கடன் தொகையில் அரை சதவீதம் முத்திரைத் தீர்வை, அதாவது இன்னொரு 18,000, அதற்கும் தனியாகப் பதிவுக் கட்டணம், வக்கீல் கருத்துரை, மதிப்பீட்டாளர் கட்டணம், கடன் பரிசீலனைக் கட்டணம், பத்திர எழுத்தர் கூலி. எல்லாம் சேர்த்தால் உங்களுக்கு வேண்டியது பதின்மூன்றரை லட்சத்துக்குக் குறையாது. பழைய வீடு என்பதால் குடி போகும் முன் ஒயரிங், தண்ணீர்க் குழாய், மொட்டை மாடி ஒழுகல் என்று ஏதாவது ஒன்று கண்டிப்பாக வரும். இந்த நாலரை, ஐந்து லட்சத்துக்குத்தான் பலர் நகையை அடகு வைக்கிறார்கள். வீட்டுத் தவணையோடு நகைக் கடன் வட்டியும் ஓடினால் 62,000-ல் குடும்பம் நடத்த என்ன மிஞ்சும்?

அதனால் இந்த வீட்டை விடுங்கள் என்றே சொல்வேன். 33 லட்சத்துக்குள் தேடுங்கள். அந்தத் தொகையை நான் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது: கடன் 30 லட்சம் வரை என்றால் வீட்டு மதிப்பில் 90 சதவீதம் வரை வங்கி தரலாம், 30 லட்சத்தைத் தாண்டினால் 80 சதவீதம்தான். 33 லட்சத்து வீட்டுக்கு 29,70,000 கடன் கிடைத்தால் உங்கள் பங்கு 3,30,000, பத்திரச் செலவு 2,97,000, மற்றவை அரை லட்சம் என்று வைத்தாலும் 7 லட்சத்துக்குள் முடிந்து, இரண்டு லட்சத்துக்கு மேல் கையில் நிற்கும். அதைத் தொடாதீர்கள். 90 சதவீதம் என்பது உச்ச வரம்புதான், வங்கி தன் மதிப்பீட்டாளர் சொல்லும் மதிப்பைப் பார்த்துக் குறைக்கவும் செய்யும், அதனால் எழுத்தில் வாங்கிக்கொண்டு அட்வான்ஸ் கொடுங்கள்.

தவணை 25,780 வரும். முதல் மாதத்தில் அதில் வட்டி மட்டும் 21,000 சொச்சம், அசலில் கழிவது 4,700 சொச்சம்தான். இதைப் பார்த்து மனம் உடைய வேண்டாம். வருடத்துக்கு ஒரு தவணை கூடுதலாகக் கட்டினாலே கடன் மூன்று வருடத்துக்கு மேல் முன்கூட்டி முடிந்துவிடும், மாறும் வட்டிக் கடனை முன்னதாக அடைத்தால் அபராதமும் கிடையாது. ஆனால் வட்டி ஏறவும் செய்யும். 2022 மே முதல் 2023 பிப்ரவரிக்குள் ரெப்போ விகிதம், அதாவது வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி கொடுக்கும் கடனுக்கான வட்டி, 4-லிருந்து 6.5 சதவீதம் ஆனது, அப்போது பலருக்குத் தவணை அப்படியே இருக்க, வருடங்கள்தான் கூடின. ஒன்பதரை சதவீதமானால் உங்களுக்கு மாதம் 1,900 ரூபாய் கூடும், அதைத் தாங்க முடியுமா என்று இப்போதே பாருங்கள்.

ஒரு வேலை செய்யுங்களேன். வரப்போகும் தவணையில் இப்போதைய வாடகை போக மீதி 16,780 ரூபாயை அடுத்த ஆறு மாதம் மாதாமாதம் ஆர்டி-யில் போட்டு வாருங்கள். இழுபறி இல்லாமல் போட முடிந்தால் தைரியமாகக் கடன் வாங்கலாம், ஒரு லட்சம் ரூபாய் கூடவும் சேர்ந்திருக்கும்.

கேள்வி: விற்பவர் பத்திரத்தில் மதிப்பைக் குறைத்துக் காட்டி மீதியை ரொக்கமாகக் கேட்கிறார். சரியா?
- ஒத்தக்கடை வாசகர்

பதில்: வேண்டாம். பத்திரத்தில் குறைந்தால் கடனும் குறையும், அந்தப் பணத்தை நீங்கள்தான் புரட்ட வேண்டும். நாளை நீங்கள் விற்கும்போது வாங்கிய விலையும் குறைவாக நிற்பதால் லாபத்துக்கான வரி ஏறும். வீட்டு விற்பனைக்கு 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால், வாங்கிய தொகை அளவுக்கே அபராதம் விதிக்க வருமான வரிச் சட்டத்தில் இடம் இருக்கிறது. விற்பவரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்.

கேள்வி: மனைவி பெயரில் பதிந்தால் செலவு குறையுமா?
- திருநகர் வாசகர்

பதில்: 2025 ஏப்ரல் 1 முதல் பெண்கள் பெயரில் பதியும் 10 லட்சம் வரையிலான சொத்துக்குப் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் சலுகை உண்டு. ஊருக்கு வெளியே மனை வாங்குபவர்களுக்கு இது உதவும். அதற்கு மேல் மதிப்புள்ள வீட்டுக்கு இல்லை. ஆனால் மனைவி முதல் விண்ணப்பதாரராக இருந்தால் சில வங்கிகள் வட்டியில் 0.05 சதவீதம் குறைக்கின்றன, கேட்டு வாங்குங்கள்.