பழைய வக்கீலிடமிருந்து கேஸ் கட்டை வாங்குவது

ஏற்காட்டுத் தோட்டத்து வழித்தகராறில், ஃபீஸ் பாக்கியைச் சொல்லிப் பழைய வக்கீல் கட்டைத் தரவில்லைன்னு எழுதியிருந்தீங்க. ஃபீஸுக்காகக் கட்டைப் பிடித்து வைக்க வக்கீலுக்கு உரிமை இல்லைங்க. ஆர்.டி. சக்சேனா வழக்கில் 2000-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பாக்கி தனி விவகாரம்.

ஆனா எடுத்த எடுப்பில் அந்தத் தீர்ப்பை அவர் முன்னால் நீட்டாதீங்க. சேலம் அஸ்தம்பட்டியில் ஒரு சின்ன வக்கீல் ஆபீஸில் குமாஸ்தாவா இருக்கேன். சத்தம் போட்ட கட்சிக்காரருக்குக் கட்டு சீக்கிரம் கிடைச்சு நான் பார்த்ததில்லை. சாயங்காலம் போய் முதலில் அவரோட குமாஸ்தாவிடம் பேசுங்க. முடிஞ்ச தொகையைக் கொடுத்து, புது வக்கீலை நியமிக்கிற வக்காலத்தில் ஆட்சேபணை இல்லைன்னு கையெழுத்து கேளுங்க. மூலப் பத்திரங்களை அங்கேயே ஒவ்வொன்றா எண்ணிப் பார்த்து வாங்குங்க.

அதுக்குள்ள வாய்தாவைத் தவற விட்டுடாதீங்க, எனக்கு அதுதான் பயம். இ-கோர்ட்ஸ் செயலியில் உங்க வழக்குக்குன்னு இருக்கிற, எழுத்தும் எண்ணும் கலந்த 16 இலக்க சிஎன்ஆர் எண்ணைப் போட்டா தேதி தெரியும். அவர் அசையவே இல்லைன்னா கோர்ட் அனுமதியோட வக்கீலை மாத்தலாம். தாக்கலான ஆவணங்களுக்கு நகல் மனு போடலாம். பார் கவுன்சில் புகாரைக் கடைசிக்கு வெச்சுக்குங்க.