ஆப்பிரிக்க வரலாறு, இலக்கியம் முதுகலை படிக்கலாமா? எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி: பி.ஏ. வரலாறு முடித்திருக்கிறேன். ஆப்பிரிக்க வரலாறு, இலக்கியம், பண்பாடு படிக்க ஆசை. எப்படித் தயாராவது? வேலை கிடைக்குமா?

வேலை விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குறைவுதான். கல்லூரி ஆசிரியர் பணி, ஆய்வு நிறுவனங்கள், ஆப்பிரிக்காவோடு வியாபாரம் செய்யும் கம்பெனிகள், அவ்வளவே. "இதப் படிச்சு என்னடா பண்ணப் போற?" என்று என் அம்மா இன்றைக்கும் கேட்கிறார்.

நான் ஐரோப்பாவில் இந்த முதுகலையைப் படித்தேன். முதல் வாரமே ஆய்வுத் தலைப்பு கேட்டார்கள். "ஆப்பிரிக்க வாய்மொழி மரபில் காலனி எதிர்ப்பு" என்று பெருமையாக எழுதிக்கொண்டு போனேன். பேராசிரியர் கேட்டது ஒரே கேள்வி: "எந்த மொழியில் படிக்கப் போகிறீர்கள்?" ஆங்கிலத்தில் என்றேன். தாளை மடித்து என் கையிலேயே கொடுத்துவிட்டார். 54 நாடுகள், ஆயிரத்துக்கும் மேற்பட்ட மொழிகள். அத்தனையையும் நான் ஒற்றைத் தலைப்பில் அடைத்திருந்தேன்.

அதனால்தான் கிழக்கு ஆப்பிரிக்காவில் பேசும் சுவாஹிலி மொழி வகுப்புக்குப் போனேன். தமிழர்களுக்கு அது ஒரு வேடிக்கையான மொழி. "நினாசோமா" என்றால் படிக்கிறேன். நி என்பது நான், நா நிகழ்காலம், சோமா படி. நம் "படிக்கிறேன்" என்பதைக் கண்ணாடியில் காட்டியதுபோல இருக்கிறது. நமக்குக் கடைசியில் வரும் ஆள் அங்கே முதலில் வந்து நிற்கிறான். "நிலிசோமா" படித்தேன், "நிட்டாசோமா" படிப்பேன். இது பிடிபட்ட அன்று ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை.

மொழி எதற்கு என்பதை மாஜி மாஜி போரை வைத்துச் சொல்கிறேன். இன்றைய தான்சானியாவின் தெற்கில், 1905 முதல் 1907 வரை, ஜெர்மன் ஆட்சிக்கு எதிராக நடந்தது. கட்டாயப் பருத்தி வேலை தாங்காமல் மட்டும்பி மலைப்பகுதி மக்கள் பருத்திச் செடிகளைப் பிடுங்கிப் போட்டதில் ஆரம்பித்தது. கின்ஜிகிடிலே என்பவர் கொடுத்த நீர் மருந்து துப்பாக்கிக் குண்டைத் தண்ணீராக்கிவிடும் என்று நம்பினார்கள். மாஜி என்றால் தண்ணீர். ஜெர்மன் ராணுவம் பயிர்களை எரித்தது. பிறகு வந்த பஞ்சத்தில் செத்தவர்கள்தான் அதிகம்.

ஜெர்மன் அதிகாரிகள் பலர் இதைச் சூனியக்காரர்களின் சதி என்று எழுதிவைத்தார்கள். 1960களின் இறுதியில் தார் எஸ் சலாம் பல்கலைக்கழக மாணவர்கள் கிராமங்களுக்குப் போய், போரைக் கண்ட முதியவர்களிடம் கேட்டுப் பதிவு செய்தார்கள். அவர்கள் பேச்சில் பருத்தி வயலும் சாட்டையடியும் வந்தன. அந்த நீருக்கு அவர்கள் வழங்கும் சொல் "டாவா", அதாவது மருந்து. ஆங்கிலத்தில் அதை மந்திரம் என்று எழுதிவிட்டால் கதை அங்கேயே கோணிவிடும். இன்றைக்கும் தான்சானியாவில் மருந்துக்கடைக்குப் பெயர் "டூக்கா லா டாவா". குரோசின் வாங்கும் கடைப் பலகையில் இருக்கிற அதே சொல்!

இலக்கியத்திலும் இதே சண்டைதான். 1968இல் கென்யாவின் நைரோபி பல்கலைக்கழகத்தில் எழுத்தாளர் கூகி வா தியாங்கோ, டபான் லோ லியோங், ஹென்றி ஓவூர் அன்யும்பா மூவரும் ஆங்கிலத் துறையையே எடுத்துவிட்டு, வாய்மொழி இலக்கியம் உட்பட ஆப்பிரிக்க இலக்கியத்தை நடுவில் வையுங்கள் என்று எழுதிக் கொடுத்தார்கள். கூகி பிறகு தன் தாய்மொழியான கிகுயுவிலேயே நாவல் எழுதினார். நீங்கள் மொழிபெயர்ப்பில் படிப்பதில் தப்பில்லை, நானும் பெரும்பாலும் அப்படித்தான் படிக்கிறேன். ஆனால் ஒரு மொழியாவது நேரடியாகத் தெரிந்திருக்கட்டும்.

இந்தியாவிலேயே படிக்க வேண்டுமென்றால் டெல்லிப் பல்கலைக்கழகம், ஜேஎன்யு, மும்பைப் பல்கலைக்கழகம் மூன்றிலும் ஆப்பிரிக்க ஆய்வுகள் உண்டு. பாடத்திட்டத்தைப் பார்க்கும்போது மொழி வகுப்பு வாரத்துக்கு எத்தனை மணி நேரம் என்று முதலில் பாருங்கள். மேற்கு ஆப்பிரிக்கா பிடிக்குமென்றால் ஹவுசா அல்லது யொருபா, எத்தியோப்பியா என்றால் அம்ஹாரிக். பிரெஞ்சு கூடத் தெரிந்தால் செனகல், மாலி பக்கம் கதவு திறக்கும்.

சேர்வதற்கு முன்பே பிபிசி சுவாஹிலியைத் தினமும் பத்து நிமிஷம் கேளுங்கள். முதல் மாதம் என் காதில் விழுந்தது "லாகினி" ஒன்றுதான். "ஆனால்" என்று அர்த்தம். அந்த ஆனாலுக்குப் பிறகு என்ன சொல்கிறார்கள் என்பது புரிய இன்னும் மூன்று மாதம் ஆயிற்று.