மழை பெய்யாத ஊரில் மாடு எப்படிக் கொழுக்கிறது?

கேள்வி: ஆஸ்திரேலியாவின் நடுப்பகுதி பாலைவனம் என்கிறார்கள். ஆள் நடமாட்டமே இல்லாத அந்த இடத்தில் ஆயிரக்கணக்கில் மாடு வளர்ப்பது எப்படிச் சாத்தியம்?

குயின்ஸ்லாந்தின் தென்மேற்கு மூலையில், டயமண்டினா ஷயரில் (ஷயர் என்றால் ஓர் உள்ளாட்சி வட்டாரம்), இரண்டு வருடம் நர்ஸாக வேலை பார்த்தேன். அதை வைத்துச் சொல்கிறேன்.

அந்த ஷயரின் பரப்பு சுமார் 95,000 சதுர கிலோமீட்டர். ஏறக்குறைய முக்கால் தமிழ்நாடு. மக்கள்தொகை 300-ஐத் தொடாது. பேர்ட்ஸ்வில், பெடூரி என்று இரண்டு சின்ன ஊர்கள், மீதியெல்லாம் ஸ்டேஷன்கள். மாட்டுப் பண்ணையை அங்கே ஸ்டேஷன் என்றுதான் சொல்வார்கள். பேர்ட்ஸ்வில்லில் வருடச் சராசரி மழை 170 மில்லிமீட்டர்கூட இல்லை. சென்னையில் ஐப்பசியில் ஒரே நாளில் அவ்வளவும் கொட்டியதுண்டு.

சரி, புல் எங்கிருந்து வருகிறது? வேறு எங்கோ பெய்த மழையிலிருந்து. கோடையில், அதாவது அங்கே டிசம்பர் முதல் பிப்ரவரி வரை, பல நூறு கிலோமீட்டர் வடக்கே மழை கொட்டும். அந்தத் தண்ணீர் டயமண்டினா, ஜார்ஜினா, கூப்பர் க்ரீக் என்ற ஆறுகள் வழியாகத் தெற்கே இறங்கும். தரை தட்டையாக இருப்பதால் ஆறு ஓர் ஓடையாக ஓடாது. பின்னிய சடை மாதிரி நூற்றுக்கணக்கான வாய்க்கால்களாகப் பிரிந்து பரவும். அதனால்தான் அந்தப் பகுதிக்கே 'சேனல் கன்ட்ரி' என்று பெயர். தண்ணீர் மிக மெதுவாகத்தான் வரும், எங்களிடம் வந்து சேரச் சில வாரங்கள் ஆகும். வானத்தில் ஒரு பொட்டு மேகம் இருக்காது, ஆனால் வெள்ளம் வரும். எந்த ஆறும் கடலுக்குப் போவதில்லை. மிஞ்சியது ஏர் என்ற உப்பு ஏரியில் போய் வற்றும்.

ரத்த அழுத்தம் பார்க்க வந்த ஒரு பெரியவர், பட்டையைக் கையில் கட்டிக்கொண்டே, மறுகையில் போனை வைத்து ஆறு வரும் வழியில் வடக்கே உள்ள அளவுகோல்களில் ஆற்று மட்டம் எவ்வளவு என்று பார்த்துக்கொண்டிருந்தார். "இன்னும் ஒன்பது நாள்" என்றார். பத்தாம் நாள் காலையில் ஊரைச் சுற்றித் தண்ணீர் நின்றது. அப்புறம் ஐந்து வாரம் சாலை இல்லை, காய்கறியும் மருந்தும் விமானத்தில்தான் வந்தன. யாருமே முகம் சுளிக்கவில்லை. எல்லார் பேச்சிலும் ஒரு தெம்பு.

தண்ணீர் வடிந்தபின் குளிர்காலத்தில் சேற்றில் ஒரு செடி முளைக்கும். கூப்பர் குளோவர் என்பார்கள். முதல் தடவை அதன் பக்கத்தில் குனிந்தபோது எனக்கு அடுப்படி ஞாபகம் வந்துவிட்டது. மூன்று மூன்றாக இலை, கசக்கினால் வாசனை. அது வெந்தயத்தின் சொந்தக்காரச் செடியாம், ஒரே பேரினம். மாடுகள் அதில் மேய்ந்து, சில மாதங்களில் எலும்பு தெரியாமல் உருண்டுவிடும். அப்புறம் மூன்று டிரெய்லர் கோர்த்த, 53 மீட்டர் வரை நீளமுள்ள லாரிகளில் சந்தைக்குப் போகும்.

வெள்ளம் எப்போதும் இப்படிப் பக்குவமாக வராது. 2025 மார்ச் கடைசியில் கிழக்கே கூப்பர், புல்லூ ஆற்றுப் பகுதிகளில் அந்த இடத்திலேயே பேய்மழை கொட்டியது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ஆடுமாடுகள் இறந்தன அல்லது காணாமல் போயின. ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் வேலியும் போயிற்று. அந்தச் செய்தியைப் படித்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

வெள்ளம் வராத வருடங்களில் போர், அதாவது ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர். கீழே 17 லட்சம் சதுர கிலோமீட்டருக்குப் பரவிய ஒரு நிலத்தடி நீர்ப்படுகை இருக்கிறது. பேர்ட்ஸ்வில் போரில் தண்ணீர் கிட்டத்தட்ட கொதிநிலையில், 98 டிகிரியில் வருகிறது. ஆறவைத்துத்தான் குடிக்க வேண்டும். அந்தக் காலத்தில் போர்களைத் திறந்த வாய்க்காலில் ஓடவிட்டுப் பெரும்பகுதியை ஆவியாகவும் கசியவும் விட்டார்கள். இப்போது மூடி போட்டுக் குழாயில் கொண்டுபோகிறார்கள். நூறு வருடம் முன்பே செய்திருக்க வேண்டிய வேலை.

யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்றால், ஒரு குடும்பம், நாலைந்து கூலியாட்கள், மாடு திரட்ட ஒரு சின்ன ஹெலிகாப்டர். அவ்வளவுதான். முன்பு இந்த வேலையின் பெரும்பாரத்தைச் சுமந்தவர்கள் அந்த மண்ணின் பூர்வகுடிகள். பல பத்தாண்டுகள் மாவுக்கும் சர்க்கரைக்கும் தேயிலைக்கும் உழைத்தார்கள். ஸ்டேஷன் கதை சொல்கிறவர்கள் இதை விட்டுவிடக் கூடாது.

உடம்புக்கு முடியாவிட்டால் பறக்கும் மருத்துவர் சேவை, 1928-லிருந்து இருக்கிறது. பல ஸ்டேஷன்களில் அவர்கள் கொடுத்த மருந்துப் பெட்டி இருக்கும், ஒவ்வொரு மருந்துக்கும் ஓர் எண். ஒரு ராத்திரி ஒரு அம்மா தன் மகனுக்கு ஊசி போட்டதைப் பற்றி என்னிடம் சொன்னார். டாக்டர் போனில் எண்ணைச் சொல்ல, அவர் அதைத் திரும்பச் சொல்லி, பாட்டிலைத் தேடி எடுத்தாராம். விடியற்காலையில் விமானம் இறங்கும்வரை பையன் கையை விடவில்லை. இறங்குபாதையில் மாடு நிற்காமல் விரட்டியது அவன் அப்பா.

பார்க்க ஆசைப்பட்டால், வெள்ளம் வந்த வருடமா என்று விசாரித்துவிட்டு ஜூன், ஜூலையில் போங்கள். இரண்டு ஸ்பேர் டயர், நிறையத் தண்ணீர், சாட்டிலைட் போன் கட்டாயம். வண்டி நின்றுவிட்டால் அதைவிட்டு நகரவே நகராதீர்கள்.