பவளத்தின் நிறம் எடுப்பாகத் தெரிய எந்த விளக்கு வாங்கலாம்?

களியக்காவிளையில் 2 அடி கடல்நீர்த் தொட்டி, சாதாரண வெள்ளை எல்இடி, கடையில் பச்சையாக மின்னிய சோவாந்திட் (கொத்தாக வளரும் மென்மையான பவள வகை) வீட்டில் மங்கலாகத் தெரிகிறது என்று கேட்டிருக்கிறீர்கள்.

பெரும்பாலும் பவளத்தில் குறை இருக்காது, நீல ஒளிதான் போதவில்லை. பவளத்தின் திசுவில் ஒளிரும் புரதங்கள் உண்டு. அவை நீலத்தை உள்வாங்கிப் பச்சையாகவோ ஆரஞ்சாகவோ சிவப்பாகவோ திருப்பி வீசும். கடலில் ஆழம் கூடக்கூட முதலில் மறைவது சிவப்பு, கடைசிவரை மிஞ்சுவது நீலம். அந்த வெளிச்சத்தில் வாழப் பழகிய உயிர் இது. அதனால் 420 முதல் 460 நானோமீட்டர் வரையிலான அலைநீளத்தில் ஊதாவும் நீலமும் உள்ள, வெள்ளையைத் தனியாகக் குறைக்க முடிகிற ரீஃப் எல்இடியாக (பவளத் தொட்டிக்கென்றே செய்த விளக்கு) பாருங்கள். எத்தனை வாட் என்பதை மட்டும் பார்த்து வாங்காதீர்கள். நீலப் பூச்சு பூசிய அலங்கார பல்பு இதற்கு உதவாது.

சரி, வாங்கியதும் முழு வெளிச்சம் போட்டுவிடாதீர்கள்! திசுவுக்குள் வாழும் பாசிகள் வெளியேறிப் பவளம் வெளுத்துவிடும். 30 சதவீதத்தில் தொடங்கி, சில வாரங்களில் மெல்ல ஏற்றுங்கள். தினம் 8 மணி நேரம் போதும். நம் பக்கத்து வெயிலுக்கு, தண்ணீர் சூடாகாமல் மேலே ஒரு சின்ன ஃபேன் அவசியம்.

அப்புறம், கல் போன்ற கடினமான கூடு கட்டும் கல் பவளங்கள் வேண்டவே வேண்டாம். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 1972இன் முதல் அட்டவணையில், அதாவது மிகுந்த பாதுகாப்புப் பெறும் உயிர்களின் பட்டியலில், அவை இருக்கின்றன. சோவாந்திட், மென்மையான காளான் பவளம் போன்றவையே நீல ஒளியில் அவ்வளவு அழகு.