ஜப்பான்காரங்களுக்கு பேஸ்பால் ஏன் இவ்ளோ பிடிக்குது?

ரெண்டாம் உலகப்போர்ல ஜப்பான் தோத்தப்புறம் அமெரிக்கப் படை அங்க வந்து உக்காந்துச்சுல்ல, அப்ப அவங்களோட சேந்து வந்த ஆட்டம்தான் பேஸ்பால்னு நிறைய பேர் நினைக்கிறாங்க. அப்படி இல்லவே இல்ல. 1872 வாக்குலயே டோக்கியோவுக்குப் பாடம் நடத்த வந்த ஹோரேஸ் வில்சன்ங்கிற அமெரிக்க வாத்தியார் தன்னோட பசங்களுக்கு சொல்லிக்குடுத்த ஆட்டம் அது. உங்க கேள்விக்கு பாதி பதில் இதுலயே இருக்குன்னு நான் நினைக்கிறேன், ஏன்னா பேஸ்பால் அங்க ஸ்கூல் வழியா உள்ள வந்துச்சு. புரொஃபஷனல் லீக் ஆரம்பிச்சதே 1936லதான், ஆனா ஸ்கூல் பசங்களுக்கான தேசிய டோர்னமெண்ட் 1915லயே வந்தாச்சு. காசுக்கு ஆடுறவங்களைப் பாக்குறதுக்கு முன்னாடியே ஊர் ஊரா சொந்தப் பிள்ளைங்க ஆடுறதைப் பாத்துப் பழகிட்டாங்க.

அதுக்கும் முன்னாடி 1896ல ஒண்ணு நடந்துச்சு. யோகோஹாமால இருந்த அமெரிக்கர்கள் கிளப்பும் டோக்கியோ முதலாம் உயர்நிலைப் பள்ளி மாணவர்களும் மோதினாங்க. மேல்நாட்டுக்காரங்க ஜப்பானை சமமா மதிக்காம ஒருதலைப்பட்சமா ஒப்பந்தம் போட்டு வச்சிருந்த காலம் அது. பசங்க 29-4ன்னு ஜெயிச்சுட்டாங்க. யாரு கத்துக்குடுத்தாங்களோ அவங்களையே அவங்க ஆட்டத்துல அடிச்சுட்டோம்ங்கிற சந்தோஷம், அதுக்கப்புறம் அந்த ஆட்டத்தை யாரால விட முடியும்?

சாமுராய் மனசு, பந்து போடுற பிட்சரும் அதை அடிக்கிற பேட்டரும் ஒண்டிக்கு ஒண்டி நிக்கிறது வாள் சண்டை மாதிரி, அதனாலதான் பிடிக்குதுன்னு ஒரு விளக்கம் அடிக்கடி சொல்வாங்க. எனக்கு அதுல பெரிய நம்பிக்கை இல்ல. ஒண்டிக்கு ஒண்டி வேணும்னா சுமோ இருக்கு, ஜூடோ இருக்கு. ஒரு சின்ன ஊர்ல கடை வச்சிருக்கிற பாட்டி கூட ஆகஸ்ட்ல ரேடியோவை விட்டு நகராம இருக்காங்களே, அதுக்கு இது பதில் இல்ல.

அதுக்குப் பதில் கோஷியென். ஒசாகாவுக்கும் கோபேக்கும் நடுவுல இருக்கிற ஸ்டேடியம், 1924ல ஹான்ஷின் ரயில் கம்பெனி கட்டுனது. கோடைக்கால ஹைஸ்கூல் டோர்னமெண்ட் அங்கதான். நாடு முழுக்க 3,000க்கும் மேல ஸ்கூல் கலந்துக்கும், 47 மாகாணத்துல இருந்து 49 டீம் கோஷியென் வரும் (டோக்கியோவுக்கும் ஹொக்கைடோவுக்கும் ரெண்டு ரெண்டு), ஒரு மேட்ச் தோத்தா வெளிய, அவ்ளோதான். இப்ப யோசிச்சுப் பாருங்க, நீங்க எந்த மாகாணத்துல பொறந்திருந்தாலும் உங்களுக்குன்னு ஒரு டீம் கண்டிப்பா இருக்கும், வேலைக்காக டோக்கியோ போய் முப்பது வருஷம் ஆனவங்களுக்கும் ஆகஸ்ட்ல சொந்த ஊர் ஸ்கூல் பேரு டிவில வரும். எல்லா மேட்சையும் ஜப்பானோட பொது ஒளிபரப்பு நிறுவனம் என்எச்கே நேரடியா காட்டும். தோத்த பசங்க அழுதுக்கிட்டே மைதானத்து மண்ணைப் பையில அள்ளிட்டுப் போவாங்க. 1958ல ஓகினாவால இருந்து முதல் தடவையா வந்த ஷுரி ஹைஸ்கூல் பசங்களும் அள்ளிட்டுப் போனாங்க, ஆனா அப்ப ஓகினாவா அமெரிக்கா கையில இருந்ததால வெளிநாட்டு மண்ணுன்னு சொல்லி அதை இறக்க விடாம கடல்ல கொட்ட வச்சுட்டாங்க. கேள்விப்பட்ட விமானப் பணிப்பெண்கள் கோஷியென்ல இருந்து கூழாங்கல் எடுத்து அந்த ஸ்கூலுக்கு அனுப்பி வச்சாங்க, கல்லுக்கு அந்தத் தடை கிடையாதுங்கிறதால. இதைப் படிச்சப்ப எனக்குத் தொண்டை அடைச்சுக்கிச்சு.

நான் ஒசாகா பக்கம் வேலை பாக்குறேன். எங்க ஆபீஸ்ல வடக்கே அகிதா மாகாணத்துக்காரர் ஒருத்தர், சத்தமா பேசி நான் பாத்ததே இல்ல. 2018ல அவங்க ஊர் விவசாய ஸ்கூல் கனாஆஷி கால் இறுதிக்கு வந்துச்சு, கடைசி இன்னிங்ஸ்ல 1-2ன்னு பின்தங்கி இருக்காங்க, மூணு பேஸ்லயும் ஆள் (பேஸ்னா ஓடுறவங்க வரிசையா தொட்டுட்டு வரவேண்டிய இடம், முழுசா சுத்தி வந்தா ஒரு ரன்), பேட்ஸ்மேன் வீசி அடிக்காம பந்தை லேசா தட்டி விட்டான், மூணாவது பேஸ்ல இருந்தவனும் ஓடி வந்துட்டான், அவன் பின்னாடியே ரெண்டாவது பேஸ்ல இருந்தவனும் நிக்காம ஓடி வந்து பாய்ஞ்சு விழுந்தான், 3-2, மேட்ச் முடிஞ்சுது. அந்த மனுஷன் கத்துன கத்து மாடி முழுக்கக் கேட்டுச்சு. ஃபைனல்ல ஒசாகா தோஇன் ஸ்கூல் கிட்ட 13-2ன்னு தோத்தாங்க. 1915 முதல் டோர்னமெண்ட் ஃபைனல்லயும் அகிதா ஸ்கூல்தான் 13 இன்னிங்ஸ் ஆடி தோத்திருந்துச்சு, அதை அவர் நேத்து நடந்த மாதிரி சொன்னார்! அகிதா இருக்கிற வடகிழக்குப் பகுதிக்கு கோப்பை போனதே 2022ல, செண்டாய் இகுஎய் ஸ்கூல் ஜெயிச்சப்பதான்.

வியாபாரமும் இதுல இருக்கு, அதை மறைக்க வேண்டியதில்ல. 1915 டோர்னமெண்ட் ஆரம்பிச்சது அசாஹி பத்திரிகை, 1924ல வசந்தகால டோர்னமெண்ட் மைனிச்சி பத்திரிகை, அமெரிக்க நட்சத்திர ஆட்டக்காரர் பேப் ரூத்தைக் கூட்டிட்டு வந்து 1934ல ஜப்பான் முழுக்க ஆட வச்சது யோமியுரி பத்திரிகை. மேட்ச் நடந்தா பேப்பர் விக்கும், ஸ்டேடியம் இருந்தா ரயில்ல கூட்டம் வரும். ஆனா காசு போட்டா மட்டும் ஜனங்க மனசுல ஒட்டாது. ஹிரோஷிமா கார்ப்ங்கிற புரொஃபஷனல் டீமைப் பாருங்க. அணுகுண்டு விழுந்து அஞ்சு வருஷத்துல, 1950ல களத்துக்கு வந்த டீம், பின்னாடி பெரிய கம்பெனி எதுவும் இல்ல, 1951ல கலைக்கிற நிலைமை. ஸ்டேடியம் வாசல்ல மதுப் பீப்பாய் வச்சாங்க, வீடு வாசல் இழந்த ஜனங்க அதுல சில்லறை போட்டுக் காப்பாத்துனாங்க. முதல் லீக் பட்டம் கிடைக்க 1975 ஆச்சு, அதுவரைக்கும் விட்டுட்டுப் போகல.

ஓ சதாஹரு அடிச்ச 868 ஹோம் ரன் (கிரிக்கெட் சிக்ஸர் மாதிரி), அமெரிக்கா போய் கலக்குன இச்சிரோ, 2023 உலகப் போட்டி ஃபைனல்ல ஜப்பானோட ஓதானி அமெரிக்காவோட மைக் ட்ரவுட்டை அவுட் பண்ணது, இதெல்லாம் உங்களுக்கே தெரிஞ்சிருக்கும்.

ஒரு விஷயத்துல மட்டும் எனக்கு வருத்தம் உண்டு. நான் சொன்ன கனாஆஷி டீமோட பிட்சர் யோஷிதா, அந்த டோர்னமெண்ட்ல மட்டும் 881 பந்து போட்டான், கொளுத்துற வெயில்ல. பள்ளிக்கூடப் பையன் தோள்பட்டை அதைத் தாங்கணும்னு எதிர்பாக்குறது நியாயமே இல்ல, அதை வீரம்னு கொண்டாடுறதும் எனக்கு ஒத்துக்கல. 2020லதான் வாரத்துக்கு 500 பந்துன்னு வரம்பு கொண்டு வந்தாங்க, அதையும் இன்னும் குறைக்கணும். மொட்டை அடிச்சாத்தான் டீம்ல இடம்ங்கிற வழக்கமும் மாறிட்டு வருது, 2023ல முடி வளத்துக்கிட்டு ஆடுன கேயோ ஹைஸ்கூல் பசங்கதான் 107 வருஷத்துக்கு அப்புறம் கோப்பையைத் தூக்குனாங்க. ஆகஸ்ட்ல ஜப்பான் வர்றவங்க கோஷியென்ல ஒரு மேட்சாவது பாருங்க, எந்த ஸ்கூல்னு தெரியலைன்னா பரவாயில்ல, பக்கத்து சீட்டுக்காரர் கிட்ட அவர் எந்த ஊர்னு கேளுங்க, மீதியை அவரே சொல்வார்.